எஸ்கில் சொன்ன அணிகள்

டப்பென்று வெளியே ஷாம்பெயின் மூடி தெறித்தது. கூடவே "ஹுர்ரா" கூச்சல். சற்றுமுன் தேர்வு முடித்து வெளியே போன பெண் தேறிவிட்டாள். பள்ளி இறுதித் தேர்வில் தேறியவர்கள் மட்டும் போடும் வெள்ளைத் தொப்பி அவள் தலையில் ஏறிவிட்டது.

விபெக்கே கண்ணைக் கசக்கிக்கொண்டாள். காலையிலிருந்து டேனிஷ் இலக்கிய வாய்மொழித் தேர்வு. பச்சை விரிப்பு போட்ட மேசையில் காபி ஆறிக் கிடந்தது. வந்த பிள்ளைகள் எல்லாம் உருவகம், படிமம், மோனை என்று ஒப்பித்துவிட்டுப் போனார்கள். அவள் கற்றுக்கொடுத்ததுதான். இருந்தும் காது மரத்துவிட்டது.

"இன்னும் ஒருத்தன்தானே?" என்றார் ப்ரேபென். ஆல்போர்க் பள்ளியிலிருந்து வந்திருக்கும் வெளித் தேர்வாளர்.

"ஆமா, எஸ்கில். மத்த பாடத்துல எல்லாம் தட்டுத் தடுமாறித்தான் வந்திருக்கான். இதுலயும் சறுக்கினா தொப்பி கிடையாது. அவங்க அம்மா தொப்பியும் கையுமா வெளிய நிக்கிறாங்க."

எஸ்கில் வந்தான். சீட்டெடுத்ததில் அவனுக்கு விழுந்த கவிதையை வாசித்தான்.

"கொக்கியில் உன் கோட்டு
இன்னும் வாசலையே பார்க்கிறது.
நான் இரண்டு கோப்பைகளைக் கழுவுகிறேன்.
ஒன்றில் கறையே இல்லை."

பிறகு மூச்சு விடாமல் ஆரம்பித்தான். இது குறியீடு, அது முரண், கோப்பை படிமம், கடைசி வரி குறிப்புமொழி. ஒன்றுகூடத் தப்பில்லை. விபெக்கே தலையாட்டிக்கொண்டே வந்தாள்.

"சரி தம்பி, போதும்," என்றார் ப்ரேபென். "அந்த வீட்டுல என்ன ஆச்சு?"

எஸ்கில் விழித்தான். "எந்த வீட்டுல?"

"கவிதைல வர்ற வீட்டுல."

அவன் விபெக்கேயைப் பார்த்தான். "அது... அணியெல்லாம் சொல்லிட்டேனே? வேற எதுவும் விட்டுட்டேனா, விபெக்கே?"

வழக்கப்படி அவனை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள்.

"மளிகைக் கடை லிஸ்ட் மாதிரி ஒப்பிக்கிறான்," என்றார் ப்ரேபென். "என் மார்க் ஃபெயில்தான்."

"ஒரு தப்புகூடப் பண்ணலையே! சொல்லிக்கொடுத்ததை அப்படியே செஞ்சிருக்கான். அதுக்கா தண்டனை?"

"பயலுக்காக ரொம்பத்தான் மல்லுக்கு நிக்கிறீங்க. சரி, எனக்கும் வீட்டுக்குப் போகணும். இந்தக் கவிதையைப் பொறுக்கிப் போட்டது நீங்கதானே? இது என்ன சொல்லுதுன்னு நீங்களே ஒரு வரி சொல்லுங்க. அந்த அளவுக்கு உங்க வகுப்புல பேசியிருப்பீங்கன்னு நம்பி, பாஸ் போட்டுடறேன்."

இவ்வளவுதானா? விபெக்கே தாளைத் தன் பக்கம் இழுத்தாள். வரிகள் மேல் கண் ஓடியது. மறுபடியும் ஓடியது. கதவுக்கு வெளியே எஸ்கிலின் அம்மா யாரிடமோ சிரித்துப் பேசுவது கேட்டது. ப்ரேபென் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

விபெக்கே தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ரெண்டாவது வரில, கோட்டு வாசலைப் பார்க்குதுன்னு வருது பாருங்க... அது தற்குறிப்பேற்றம்."