அவள் குடித்த பாதி

மருந்துத் தூளைத் தண்ணீரில் கலக்கி மனைவி கூஜாவை மேசைமேல் வைத்தபோதே மெக்கானிக்கின் முகம் சுருங்கிவிட்டது. பெருங்குடலில் புற்றுநோய் என்று ஒரு துண்டை வெட்டியெடுத்து, கீமோவும் முடித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. காலையில் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கப் போகிறார்கள். அதற்குள் குடல் காலியாக வேண்டுமென்றால் இந்தப் பேதி மருந்தை அடிவரை குடித்தாக வேண்டும். பட்டறையில் யார் யார் வண்டியையோ பிரித்து மேய்கிற மனிதர், ஒரு டம்ளருக்கே நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"குமட்டுது. நீ கொஞ்சம் குடியேன்."

அந்த வீட்டில் அது புதிதல்ல. கீமோ நாட்களில் ஒரு கிண்ணம் சூப் என்றாலும் ஆளுக்குப் பாதி. அவள் குடித்தால்தான் அவருக்கு இறங்கும்.

"மருந்துக்குக் கூட்டாளி தேடுற ஆளை இப்பதான் பாக்கிறேன்" என்றபடி அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். மாற்றி மாற்றிக் குடித்துக் கூஜா காலியானது. அப்புறம் இருவரும் கழிப்பறைக் கதவைத் தட்டித் தட்டிச் சண்டை போட்டார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரிக்கவும் செய்தார்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வெளியே வந்து அவளைக் கூப்பிட்டார். "உள்ள சுத்தமாவே இல்ல. மருந்து முழுசா குடிச்சாரா?"

"கூஜா காலிங்க டாக்டர்."

"அவர் குடிச்சாரா?"

அவள் சொன்னாள். சிரிப்பதா திட்டுவதா என்று டாக்டரம்மாவுக்குத் தெரியவில்லை. "தையல் போட்ட இடத்தையே இன்னும் பாக்க முடியல. அங்க திரும்ப வந்திருக்கான்னு தெரிஞ்சாகணும். அடுத்த வாரம் வாங்க."

மயக்கம் தெளிந்து வீடு திரும்பும் வழியில் மெக்கானிக் சீட்டியடித்தார். அவளுக்குச் சுருக்கென்றது. குமட்டலுக்காக மட்டும் அவர் பங்கு கொடுக்கவில்லை. தெரியாமல் இருக்க இன்னும் ஒரு வாரம் கிடைத்ததில் மனுஷனுக்கு அத்தனை நிம்மதி. கோபம் கோபமாக வந்தது. அந்த நிம்மதி தனக்கும் கொஞ்சம் இருந்தது என்பதில் வெட்கமாகவும் இருந்தது.

அடுத்த வாரம் மேசையில் மருந்துக் கூஜாவுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு டம்ளர்தான் வைத்தாள்.

"ஒரு வாய்?"

"மாட்டேங்க."

அவர் டம்ளரைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். "வந்திருந்தா?"

"வந்திருந்தா பாத்துதான் ஆகணும். குடிங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். அவள் கைகளைக் கோத்து மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். அவர் விழுங்க விழுங்க அவள் தொண்டையும் ஏறி ஏறி இறங்கியது.