ஆறாம் எண் வாய் திறக்கவில்லை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. என் மாமனார் கேட்டார், மறுக்க வாய் வரவில்லை. பாராசூட் படையில் இருபத்திரண்டு வருடம் இருந்தவர். அந்தப் படைப்பிரிவின் ஆண்டு மலருக்கு நான்கு பக்கம் வேண்டுமாம். "நீதான் கதையெல்லாம் எழுதறியேம்மா, இதையும் எழுதிக் குடேன்" என்றார், சட்டைக்குப் பொத்தான் தைத்துத் தரச் சொல்வதுபோல.

நான் எழுதிய முதல் வரி: "வானம் அவரை அழைத்தது, அவரும்..."

எட்டிப் பார்த்தார். "வானம் எங்கம்மா அழைச்சுது? வேலை கிடைக்கல, போய்ச் சேர்ந்தேன்."

அடித்துவிட்டேன்.

2

இரண்டாவது தொடக்கம்: மொட்டையடித்ததில் காது மட்டும் பெரிதாகத் தெரிகிற பத்தொன்பது வயதுக்காரர் ஒருவர் தகரப் பெட்டியோடு வரிசையில் நிற்கிறார். அவருக்கு முன்னால் ஒட்டடைக்குச்சிபோல இன்னொருவர். அவர் பெயர் அன்றே நெட்டை ஆகிவிட்டது. பயிற்சியாளருக்கு இவர்கள் வைத்த பெயர் இடி. இதைத்தான் வைத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் இடி இவர்களைப் பிழிந்து எடுத்தார். போர்வையை மடித்தால் செங்கல் மாதிரி மூலை நிற்க வேண்டும், இல்லாவிட்டால் போர்வை ஜன்னல் வழியாகப் போகும், பின்னாலேயே நீங்களும் ஓட வேண்டும். அதைவிடக் கொடுமை மணல் மேடை. முழங்கால்களுக்கு நடுவே ஒரு செய்தித்தாளை இடுக்கிக்கொண்டு, நெஞ்சளவு மேடையிலிருந்து மணலில் குதிக்க வேண்டும். தாள் விழுந்தால் மறுபடி ஏறு. தரையில் இறங்கும்போது கால்கள் பிரிந்திருந்தால் எலும்பு முறியும் என்பதற்காக இந்தப் பாடு. ஒரே நாளில் மாமா நாற்பத்தோரு தடவை ஏறியிருக்கிறார். எண்ணியது நெட்டை.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது, இங்கேயே சொல்லிவிடுகிறேன்: இன்றைக்கும் மாமா பேருந்திலிருந்து இரண்டு காலையும் சேர்த்து, தொப்பென்றுதான் இறங்குகிறார். கண்டக்டர்கள் முறைக்கிறார்கள். எனக்குப் பெருமையாக இருக்கிறது.)

3

இனி நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த பகுதி.

ஐந்து முறை குதித்தால் சட்டையில் இறக்கைச் சின்னம் குத்துவார்கள். அது ஐந்தாவது முறை. விமானத்துக்குள் பன்னிரண்டு பேர், ஒருவர் பின் ஒருவராக. மாமா ஏழாம் எண். அவருக்கு முன்னால், ஆறாம் எண், நெட்டை. ஒவ்வொருவர் பாராசூட்டிலிருந்தும் ஒரு நாடா மேலே கம்பியில் மாட்டியிருக்கும். குதித்தவுடன் அந்த நாடாதான் பாராசூட்டை இழுத்துத் திறக்கும். அது கையிலோ தோளிலோ சுற்றியிருந்தால் ஆள் காலி. தன் முதுகைத் தானே பார்க்க முடியாது. அதனால் கடைசி ஆள் தொடங்கி, ஒவ்வொருவரும் முன்னால் நிற்பவரின் முதுகைச் சோதித்துவிட்டுத் தோளில் தட்ட வேண்டும். தட்டு வாங்கியவர் தன் எண்ணைச் சொல்லி "சரி!" என்று கத்த வேண்டும்.

மாமா தட்டினார்.

நெட்டை கத்தவில்லை.

[இந்த இடத்தில் மாமாவை வீரராக்க மூன்று தடவை முயன்றேன். மூன்றையும் அவரே அடித்தார்.]

"நான் பாக்கலம்மா" என்றார். "பயத்துல கண்ண இறுக்கி மூடிக்கிட்டிருந்தேன். மூடிக்கிட்டேதான் தட்டினேன்."

அதிகாரி கத்திக்கொண்டே வந்தார். நெட்டை, "என் கால் பட்டை கழண்டிருக்கு சார்" என்றார். குனிந்து பார்த்தால் கொக்கி தொங்குகிறது. அதைப் பூட்டுவது அவரவர் பொறுப்பு. நெட்டையை உட்கார வைத்துவிட்டு மற்றவர்களைக் குதிக்கச் சொன்னார்கள். அன்று மாலை மாமாவுக்குச் சின்னம் கிடைத்தது. நெட்டை அடுத்த அணியோடு, மணல் மேடையிலிருந்து, மறுபடி மூன்று மாதம்.

"அவனே கழட்டியிருக்கான்மா. நான் பாக்காம தட்டினேன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. சோதிக்காத முதுகோட எப்படிக் குதிப்பான்? காரணத்தச் சொல்லியிருந்தா என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. நானும் வாயத் திறக்கல. நாப்பத்தாறு வருஷம்."

அப்போதுதான் புரிந்தது, ஆண்டு மலர் வெறும் சாக்கு என்று. நெட்டை இதைப் படிக்க வேண்டும், மன்னிக்க வேண்டும். மாமாவுக்கு வேண்டியது அவ்வளவுதான். தன் தப்பை நாலு பேர் படிக்க அச்சில் போடச் சொல்கிற துணிச்சல் எனக்குக் கிடையாது. அவரை அன்றைக்கு இன்னும் அதிகமாகப் பிடித்துப்போனது.

4

சனிக்கிழமை மத்தியானம் நெட்டை வந்தார். வாசல் நிலைக்கு இன்னமும் குனிகிறார். தாள்களைக் கொடுத்தேன். மாமா நாற்காலி நுனியில், குதிக்கப்போகிறவர் மாதிரியே உட்கார்ந்திருந்தார்.

நெட்டை படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லா எழுதியிருக்கேம்மா. ஆனா தப்பு."

"எது?"

"கொக்கிய நான்தான் கழட்டினேன். இவனுக்காக இல்ல. கதவுப் பக்கம் பாத்தேன், ஈரக்குலை நடுங்கிடுச்சு. மாட்டேன்னு சொன்னா மொத்தமா வெளிய அனுப்பிடுவாங்க. பட்டை கழண்டா அடுத்த அணி. அதான். இவன் தட்டினதே எனக்கு ஞாபகம் இல்ல."

"புளுகாதடா!" மாமா எழுந்துவிட்டார். "பொய் சொல்றான்மா. அன்னிக்கு மாதிரியே!"

"உனக்காக நான் ஏன்டா பொய் சொல்லணும்? நீ என்ன எனக்கு மாமனா மச்சானா?"

"என்னை மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்."

"நான்தான்டா கேக்கணும். என் பயத்த மறைக்க நான் சொன்ன பொய்ய நீ இத்தனை வருஷம் சுமந்திருக்கியே."

மாமா அழுதார். நானும்தான், மறைப்பானேன்.

5

இத்தனை வருடம் ஆட்களை எழுதிப் பிழைத்தவள் நான். நெட்டையின் முகத்தை உற்றுப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

அதனால் இரண்டு முடிவு எழுதினேன். முதலாவதில் நெட்டை நண்பனைக் காப்பாற்றினார். அன்று ஒருமுறை, சனிக்கிழமை இன்னொருமுறை. இரண்டாவதில் நெட்டை பயந்தார், அவ்வளவுதான். பிறகு அதே பயத்தோடு மூன்று மாதம் மணலில் விழுந்து எழுந்து, நூற்றுப்பன்னிரண்டு தடவை குதித்தார். [மூன்றாவதாக, இருவரும் பயந்தார்கள், இருவரும் ஒரே நேரத்தில்... வேண்டாம்.]

இரண்டையும் வாசித்துக் காட்டினேன். மாமா முதலாவதுதான் என்கிறார், நெட்டை இரண்டாவதுதான் என்கிறார். எந்தக் கதையில் தான் சின்னவனோ, அதற்காகத்தான் ஒவ்வொருவரும் மல்லுக்கு நிற்கிறார்கள்.

"நீயே சொல்லும்மா, யார் சொல்றது நிஜம்?" என்று இருவரும் என்னைக் கேட்கிறார்கள். எதை அடித்தாலும் இந்த இருவரில் ஒருவரை நான் தோற்கடித்தவளாவேன். என்னால் முடியாது. இரண்டையும் அப்படியே அச்சுக்கு அனுப்புகிறேன். மனசு வந்தால், ஒன்றை நீங்கள் அடித்துக்கொள்ளுங்கள்.