பேனா பிடித்த கை

அம்மாவின் இடது கை நகங்களை மகள் வெட்டிக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. சுண்டுவிரல் மட்டும் பாக்கி. டாக்டர் நேற்றே கையை விரித்துவிட்டார். இன்றோ நாளையோ என்றார். அண்ணன் வந்துகொண்டிருந்தான். செய்வதற்கு ஒன்றுமில்லாத வீட்டில் நகம் வெட்டுவதாவது ஒரு வேலையாக இருந்தது.

வாசலில் போட்டோக்காரர் நின்றிருந்தார். அவர் படம் எடுக்கிறவர் அல்ல. மூடிப்போன ஸ்டுடியோக்களிலிருந்து குப்பைக்குப் போகும் பழைய படங்களையும் நெகட்டிவ் பதிந்த கண்ணாடித் தகடுகளையும் அள்ளி வந்து, பள்ளிப் பதிவேடு, வாக்காளர் பட்டியல், கல்யாணப் பத்திரிகை என்று துழாவி, படத்தில் இருப்பவரின் வாரிசு யார், எங்கே உயிரோடு இருக்கிறார் என்று கண்டுபிடித்துக் கொண்டுபோய்க் கொடுப்பவர். ஓய்வு பெற்ற பிறகு பிடித்த பைத்தியம் என்று அவரே சொல்லிக்கொள்வார். அம்மாவைப் பெற்றவள் பிரசவத்திலேயே போய்விட்டாள். அந்த முகத்தை அம்மாவுக்கு முதல்முதலாகக் காட்டியவர் இவர்தான், நான்கு வருஷத்துக்கு முன்னால், இதே வாசலில் நின்று.

இன்றைக்கு அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"மூச்சு இருக்கு சார். உள்ள வாங்க."

"மொதல்ல உன்கிட்ட தனியா பேசணும்மா."

சமையலறைக்குக் கூட்டிப்போனாள். பையிலிருந்து இரண்டு படங்களை எடுத்து மேடையில் வைத்தார். ஒன்று அம்மாவின் கட்டிலுக்கு மேலே மாட்டியிருக்கும் படத்தின் நகல்: மேஜை முன்னால் உட்கார்ந்து, இடது கையில் பேனாவோடு, எழுதப்போகிறவளைப் போல நிமிர்ந்து பார்க்கும் இளம்பெண். இன்னொன்றிலும் அவளே, அதே உடை, அதே மேஜை. கூடவே ஒரு ஆள் நிற்கிறான், அவள் மடியில் ஒரு குழந்தை. ஆனால் பேனா வலது கையில் இருந்தது.

அவர் முதல் படத்தை எடுத்து, கை கழுவும் தொட்டிக்கு மேலிருந்த முகக்கண்ணாடிக்கு நேராகப் பிடித்தார். கண்ணாடிக்குள் பேனா வலது கைக்குப் போய்விட்டது.

"தகட்ட திருப்பி வச்சு பிரிண்ட் போட்டுட்டேன்மா. தொழில் தெரிஞ்சவன் செய்யற தப்பா இது? அவங்கள பெத்தவங்களும் நொட்டாங்கைதான்னு சித்தி சொல்லுவாங்கன்னு உங்கம்மா சொன்னாங்க இல்லையா, நான் அந்தக் கையையே தேடிட்டிருந்தேன். ஊரும் வருஷமும் ஒத்துப்போச்சு. அதுக்கு மேல நான் பாக்கல."

"அப்ப இது யாரு?"

"வேற ஒருத்தரோட அம்மா. மடியில இருக்கே இந்தக் குழந்தை, அவங்களோட அம்மா. போன மாசம் அவங்க வீட்டுச் சுவத்துல இந்தப் படத்தப் பாத்ததும் எனக்கு உயிரே போயிடுச்சு."

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அந்தக் கைதான் நினைவுக்கு வந்தது. அம்மா சின்ன வயதில் இடது கையால் எழுதினால், வளர்த்த சித்தி கரண்டிக் காம்பாலேயே விரலில் போடுவாளாம். பிறகு புகுந்த வீட்டில் கேலி. சாகிற வயதில் இந்தப் படம் வந்த பிறகுதான் அம்மா அந்தக் கையை ஊரறிய நீட்டினாள்; எங்கம்மா கை என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டினாள். வீட்டிலும் படத்தை ஆளாளுக்குப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அண்ணன் மூக்கை எடுத்துக்கொண்டான். அவளுக்கு நெற்றி வந்தது. கட்டிக்கொண்டு வந்த அண்ணிகூட ஏதோ ஞாபகத்தில், என் கண்ணும் இப்படித்தானே என்றாள். அதற்காக அவளை ஒரு வருஷம் ஓட்டினார்கள்.

"தகடு இருக்கே சார். அவங்களுக்கு நேரா ஒண்ணு போட்டுக் குடுத்துடுங்க. இது அம்மாகிட்டயே இருக்கட்டும்."

"குடுத்துட்டேன்மா. அவங்க கேக்கறது அது இல்ல." அவர் குரலைத் தாழ்த்தினார். "படத்தையும் அம்மாகூட வச்சு அனுப்பப்போறோம்னு நேத்து உங்க அண்ணன் போன்ல சொன்னாரு. நான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இல்லாம அவங்ககிட்ட சொல்லிட்டேன். எங்கம்மாவ யாரோ ஒருத்தங்ககூட மண்ணுக்குள்ள அனுப்பாதீங்கன்னு ஒரே அழுகை. கூடவே கெளம்பி வந்துட்டாங்க. கீழ கார்ல இருக்காங்க."

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். காரின் பின்கதவு திறந்திருந்தது. வெளியே ஒரு வயதான கால் மட்டும், செருப்போடு, தரையைத் தொட்டும் தொடாமலும் தொங்கியது.

உள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. "யாரு?"

"போட்டோக்காரர்மா."

"வரச் சொல்லு."

அவர் கட்டிலருகே போய் நின்றார். அம்மா இடது கையால் அவர் விரலைத் தேடிப் பிடித்தாள்.

"நீங்க வரலன்னா நான் அனாதையாவே போயிருப்பேன்."

அவர் தலையை ஆட்டினார். ஏதோ சொல்ல வாயெடுத்து மகளைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள்.

"அம்மாவக் காட்டு," என்றாள் அம்மா.

மகள் சுவரிலிருந்து சட்டத்தைக் கழற்றி அம்மாவின் முகத்துக்கு மேலே பிடித்தாள். அம்மா நெடுநேரம் பார்த்தாள்.

"பேனாவ எப்படிப் புடிச்சிருக்கா பாத்தியா. என்ன மாதிரியே."

"ஆமாம்மா. உன்ன மாதிரியேதான்."

"என்கூட வச்சிடணும். மறந்துடாத."

"வக்கிறேன்மா."

அதன்பிறகு அம்மா பேசவில்லை. மதியம் வெயில் கட்டில்காலைத் தொட்டபோது மூச்சு நின்றது. அண்ணன் இன்னும் வந்து சேரவில்லை. போட்டோக்காரர் கூடத்து நாற்காலியில் குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருந்தார். அவள் அழுதாள்; அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு சட்டத்தை மடியில் எடுத்து வைத்தாள். அம்மாவின் படத்தை நாளைக்கு எவளோ ஒருத்தி தன் அம்மா என்று சொல்லிக் கொண்டுபோனால் நான் விடுவேனா என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்குத் தன்மீதே வெறுப்பு வந்தது. நகவெட்டியின் முனையால் பின்பக்கத்து ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பி, சட்டத்திலிருந்து படத்தை உருவினாள்.

துவைத்த தலையணை உறையில் படத்தைச் சுற்றி எடுத்துக்கொண்டு கீழே போனாள். காரிலிருந்த அம்மாள் அதை வாங்கிப் பிரித்து, புடவைத் தலைப்பால் ஒருமுறை துடைத்தாள். பிறகு அவளை ஏறிட்டுப் பார்த்தாள்.

"உங்கம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல. போயிட்டாங்க."

அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். பின்னாலேயே இறங்கி வந்திருந்த போட்டோக்காரர் தொண்டையைச் செருமினார்.

"நான் தேடறேன்மா. உங்க பாட்டி படம் எங்கயாவது இருக்கும். கட்டாயம் கண்டுபிடிச்சுடறேன்."

"இனிமே யாருக்கு சார்?"

அவள் மாடியேறிப் போனாள்.

மறுநாள் காலையில் வீடு நிறைய ஆட்கள். அம்மாவைப் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். நெஞ்சின்மேல் சட்டம் கவிழ்ந்திருந்தது. அதன்மேல் அம்மாவின் இடது கை. கடைசியாகப் பார்க்க வந்த அண்ணன் குனிந்தான்.

"என்ன, கவுத்தி வச்சிருக்க? பாட்டி மொகம் தெரியற மாதிரி திருப்பி வையேன்."

அவனே திருப்பக் கையை நீட்டினான். அவள் அம்மாவின் கைமேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"இருக்கட்டும்ணா. அம்மா பாக்கறதுக்குத்தானே."

அண்ணன் கையை இழுத்துக்கொண்டான். அவன் கண் கலங்கியது.

"அதுவும் சரிதான். ரெண்டு பேரும் பாத்துக்கட்டும்," என்றான்.

மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவள் கையை எடுத்தாள். அம்மாவின் சுண்டுவிரலில் மட்டும் நகம் நீண்டிருந்தது.