இடப்பக்கம் கம்மி

பாட்டில் ஆலையில் அவருக்கு டார்ச் என்று பெயர். விளக்குப் பலகைக்கு முன்னால் வரிசை கட்டி ஓடும் கண்ணாடிப் பாட்டில்களில் மயிரிழை விரிசல் இருந்தாலும் அவர் கை அதைத் தூக்கிவிடும். பத்தொன்பது வருடமாக அடுத்தவர் விட்ட குறையைக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவர். அந்தப் பழக்கம் ஆலை வாசலோடு நிற்கவில்லை. மைத்துனர் புது வீடு கட்டிக் கூப்பிட்டபோது, உள்ளே கால் வைத்ததும் மாடிப்படியில் ஒரு படி அரை விரல் உயரம் அதிகம் என்றார். டார்ச் என்று பெயர் வைத்தவர்கள் மரியாதைக்காக ‘டார்ச்சர்’ என்பதில் ‘சர்’ரை விட்டுவிட்டார்கள் என்பது அவர் மனைவியின் கட்சி.

ஆலையில் இரைச்சல் காதைப் பிய்க்கும். நுரை அடைப்பானைத் திருகி இரண்டு காதிலும் செருகிக்கொண்டுதான் வேலை. அந்தச் சத்தத்துக்கு மாற்றாகத்தானோ என்னவோ, வீட்டில் அவருக்குப் பாட்டு. நாலைந்து வருடம் பிடித்து ஒரு ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கர்களும் சேர்த்திருந்தார். கணினியில் பாட்டு எண்களாகத்தானே கிடக்கிறது. அதை ஒலியாக மாற்றித் தரும் டேக் என்கிற தனிப்பெட்டி ஒன்று இருந்தால் பாடுகிறவர் மூச்சு விடுவதுகூடக் கேட்கும் என்று, அவர் சேர்ந்திருந்த பாட்டுப் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் சொன்னார்கள். புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாது. பழசு ஒன்று விற்பனைக்கு இருப்பதாக அதே குழுவில் ஒரு தையற்காரர் எழுதியிருந்தார்.

சனிக்கிழமை காலை போனார். கடைக்குப் பின்னால் ஒரே அறை. இடப்பக்கம் முழுக்கத் தைத்து முடித்த கோட்டுகள் தொங்கின. தையற்காரர் ஐம்பது வயதுக்காரர். ஊசியை உதட்டில் வைத்துக்கொண்டே பேசுகிற ஆள். மகள் பிரசவத்துக்கு வருகிறாள், அறையை ஒழிக்க வேண்டும், அதனால்தான் கொடுக்கிறேன் என்றார். செங்கல் அளவுக் கறுப்புப் பெட்டி, ஒரு கீறல் இல்லை. ஒரு பெண் குரலைப் போட்டார். கொஞ்சம் வலப்பக்கமாகச் சாய்ந்து கேட்பதுபோல் டார்ச்சுக்குப் பட்டது. இத்தனை துணி தொங்கினால் அந்தப் பக்கத்துச் சத்தத்தைக் குடிக்காமல் என்ன செய்யும் என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். வாங்கிவிட்டார்.

வீட்டில் இத்தனை நாளும் பாட்டை ஓடவிட்டுவிட்டு அவர் வேறு வேலை பார்ப்பார். இப்போது புதுப்பெட்டி வந்திருக்கிறதே என்று நாற்காலியை நட்டநடுவில் போட்டு, அளவு நாடா பிடித்து, இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில் உட்கார்ந்தார். இடப்பக்கம் கம்மி. சந்தேகமே இல்லை. வலப்பக்கம் பளிச்சென்று இருக்க, இடப்பக்கம் போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருந்தது.

இந்த மாதிரி நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான். பெட்டிக்குப் பின்னால் இருக்கிற இரண்டு ஒயர்களைப் பிடுங்கி, இடதை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிச் செருக வேண்டும். குறை பக்கம் மாறினால் கோளாறு பெட்டியில், மாறாவிட்டால் வேறெங்கோ. சின்னப் பிள்ளைகூடச் செய்துவிடும், இரண்டு நிமிட வேலை. டார்ச் செய்யவில்லை. விரிசலைப் பார்த்த பிறகு பாட்டிலை எதற்குத் திருப்பிப் பார்ப்பது?

நேராகக் குழுவில் எழுதினார். தையற்காரர் பழுதான பெட்டியைத் தலையில் கட்டிவிட்டார் என்று எழுதியதோடு விட்டிருக்கலாம். கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: “துணியில் போட வேண்டிய கத்தரியை நம் தலையில் போட்டுவிட்டார், ஜாக்கிரதை.” அந்த வரி அவருக்கே மிகவும் பிடித்திருந்தது. நாற்பத்து மூன்று பேர் சிரிப்பு முகம் போட்டார்கள். காபி குடித்துக்கொண்டே எண்ணிப் பார்த்தார்.

மறுநாள் தையற்காரரே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உறையில் பணத்தை மேசைமேல் வைத்தார். எழுதியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உட்காரவும் இல்லை. பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“ஒயரை மாத்திப் போட்டுப் பாத்தீங்களா சார்?”

“பாத்தேன்” என்றார் டார்ச்.

வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான், ஒரே சொல். தையற்காரர் தலையை ஆட்டினார். அப்படின்னா பெட்டியிலதான் இருக்கும், எனக்கு எப்படித் தெரியாமப் போச்சோ என்று தனக்குள் சொல்லிக்கொள்வதுபோல் சொல்லிவிட்டுப் பெட்டியோடு போனார்.

ஆறு வாரம் கழித்து ஆலையில் வருடாந்திர உடல் பரிசோதனை. காதில் கருவியை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். இடது காதுக்கு அவர் கை எழும்பவே இல்லை. மருத்துவர் விளக்கடித்து எட்டிப் பார்த்தார். தினமும் அடைப்பானைச் செருகிச் செருகி உள்ளே தள்ளியிருக்கிறீர்கள் என்றார். வெந்நீரைப் பீய்ச்சிக் கழுவினார். மூன்றாவது தடவை புளியங்கொட்டை அளவுக்குக் கருப்பாக ஒரு குறும்பி உருண்டை கிண்ணத்தில் விழுந்தது.

“இந்தப் பக்கமா நின்னு யார் திட்டியிருந்தாலும் உங்களுக்குக் கவலையில்ல” என்று மருத்துவர் சிரித்தார்.

டார்ச்சுக்குச் சிரிப்பு வரவில்லை. மருத்துவர் காகிதம் புரட்டுவது இடது காதில் சரசரவென்று கேட்டது. அந்த நிமிடமே தையற்காரரின் பெட்டி நினைவுக்கு வந்தது. வீட்டுக்குப் போய்ச் சட்டையைக்கூட மாற்றாமல் நடு நாற்காலியில் உட்கார்ந்து, பழையபடி கணினியிலிருந்தே அதே பாட்டைப் போட்டார். இரண்டு பக்கமும் சமம். இடது காதை விரலால் பாதி அடைத்துப் பார்த்தார். அதே போர்வை, அதே கம்மி. விரலை எடுத்தார், சரியானது. மறுபடி அடைத்தார். காதுக்குள் விரலோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். முகம் சுட்டது.

குழுவைத் திறந்து பழையதைத் தேடினார். அவருடைய வரிக்குக் கீழே, சிரிப்பு முகங்களுக்கெல்லாம் கீழே, தையற்காரர் குழுவை விட்டு வெளியேறினார் என்று சின்ன எழுத்தில் இருந்தது. அன்றைக்கே போயிருக்கிறார். ஆறு வாரமாக அவர் இல்லாதது யார் கண்ணிலும் படவில்லை, குறை காண்பதையே பிழைப்பாகக் கொண்டவர் கண்ணிலும்.

தையற்காரருக்கு மட்டும் தனியாக ஒரு செய்தி அனுப்பிவிடலாம் என்று தட்டச்சு செய்தார். ‘சிறு தவறான புரிதல் ஏற்பட்டுவிட்டது’ என்று ஆரம்பித்தார். படித்துப் பார்க்க அவருக்கே கூசியது. ஏற்பட்டுவிட்டதாம், தானாக வந்து குந்திக்கொண்டதுபோல. அழித்தார். மூன்று நாள் இப்படியே எழுதுவதும் அழிப்பதுமாகப் போக, சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தவரை மனைவி பிடித்து உலுக்கினாள். சொன்னார். ஒயரை மாற்றிப் பார்த்தேன் என்று பொய் சொன்னதை மட்டும் கடைசியாகத்தான் சொன்னார்.

வெறும் காதுக் குறும்பி என்றால் அவளும் சிரித்திருப்பாள். ஆறு மாதமாக இடப்பக்கம் நின்று கூப்பிட்டுத் தொண்டை வறண்டவள். ஆனால் சிரிக்கவில்லை.

“திட்டுனது ஊரறிய. மன்னிப்பு மட்டும் காதும் காதும் வச்ச மாதிரியா?” என்றாள்.

குழுவிலேயே எழுதினார். பெட்டியில் குறை இல்லை, என் காதில்தான் அடைப்பு; ஒயரை மாற்றிப் பார்க்காமலே பார்த்தேன் என்று அவரிடம் பொய் சொன்னேன்; கத்தரி என்று எழுதியதற்கு வெட்கப்படுகிறேன். சிரிப்பு முகங்கள் மடமடவென்று வந்தன. இந்தத் தடவை அவர் எண்ணவில்லை.

மாலையில் தையல் கடைக்கு நடந்தார். தையற்காரர் மிஷினில் இருந்தார். தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கையில் இருந்த தையலை ஓட்டி முடித்து, நூலை அறுத்த பிறகுதான் என்ன என்பதுபோல் பார்த்தார். டார்ச் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பெட்டியை நானே திரும்ப வாங்கிக்கொள்கிறேன், நீங்கள் என்ன விலை சொன்னாலும் சரி என்று முடித்தார்.

“பெட்டி இல்லையே சார்” என்றார் தையற்காரர். “மெக்கானிக்கிட்ட குடுத்துட்டேன். பாகத்துக்கு எடுத்துக்கன்னு.”

“நல்லா இருக்கிற பெட்டியவா?”

“நீங்க ஒயர மாத்திப் பாத்தேன்னு சொன்னீங்க. அதனால நான் பாக்கல.”

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று டார்ச்சுக்குத் தோன்றியது. தையற்காரர் அடுத்த துணியை எடுத்து மடித்தார். பிறகு, துணியைப் பார்த்தபடியே, அந்தக் கத்தரி விஷயத்தை என் மருமகன்தான் போனை எடுத்து வாசித்துக் காட்டினார், எல்லாரும் இருக்கும்போது, என்றார். டார்ச் பணத்தை நீட்டினார். தையற்காரர் தலையை அசைத்து மறுத்துவிட்டு மிஷினை மிதித்தார்.

மெக்கானிக்கையும் தேடிப் போனார். பெட்டி எப்போதோ பிரிந்துபோயிருந்தது. சர்க்யூட் பலகை ஒரு வீட்டில், மின்மாற்றி இன்னொரு வீட்டில். ரெண்டு பக்கமும் அருமையா இருந்துச்சு, ஏன் கழிச்சாருன்னு இன்னிவரைக்கும் தெரியல என்றார் மெக்கானிக். டார்ச் காரணம் சொன்னார். யாரும் கேட்காமலே சொல்வதற்கு அதற்குள் பழகியிருந்தார்.

அதற்குப் பிறகு ஆலைப் பேருந்துக்கு அவர் அந்தத் தெரு வழியாகப் போவதில்லை. கால் மணி நேரம் சுற்றிப் போனார். வேறு டேக் வாங்கச் சொல்லி மனைவியே ஒருமுறை பணம் எடுத்துக் கொடுத்தாள். பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டார். ஆலையில் பாட்டிலை எடுத்தால், தூக்கிப்போடுவதற்கு முன்னால் ஒருமுறை திருப்பிப் பார்த்தார். வேகம் குறைகிறதே என்று மேற்பார்வையாளர் முணுமுணுத்தார்.

நாலு மாதம் போயிருக்கும். ஒருநாள் வேலை விட்டு வரும்போது பேய் மழை. சுற்றிப் போக முடியாமல் அந்தத் தெருவுக்குள் ஓடியவர், எந்தக் கடை என்று பார்க்காமல் ஒரு தகரக் கூரைக்கடியில் ஒதுங்கினார். திரும்பினால் தையற்காரர். ஓடிவிடலாமா என்று ஒரு கால் வெளியே போனது.

“நனையாதீங்க” என்றார் தையற்காரர். முக்காலியை நகர்த்தவில்லை, உள்ளே வரவும் சொல்லவில்லை.

டார்ச் வாசற்படி ஓரமாக நின்றார். உள்ளே பின்னறையில் குழந்தை அழும் சத்தமும், யாரோ தட்டிக்கொடுக்கும் சத்தமும் கேட்டன. மிஷின் ஓடிற்று, நின்றது, ஓடிற்று. சாக்கடை நிரம்பித் தெரு முழுக்கத் தண்ணீர். அரை மணி நேரம் ஆகியிருக்கும். மழை தூறலானது.

வரேன் என்றார் டார்ச். தையற்காரர் ஊசியை உதட்டில் வைத்தபடி தலையை மட்டும் ஆட்டினார். டார்ச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி நடந்தார்.