பிள்ளையாரடி முடக்கு

தயாளினியின் ஆட்டோ லைசன்ஸ் புத்தம் புதிது. வவுனியாவில் லேனர்ஸில் சேர்ந்து ஓட்டப் பழகி, முதல் தடவையிலேயே எடுத்தது. ஆனாலும் பாலைக்குடியிருப்புத் தாய்மாருக்கு அந்த அட்டை ஒரு பொருட்டே இல்லை. படம் வடிவாக விழுந்திருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் மதிக்கிற பரீட்சை ஒன்றுதான். புளியங்குளத்திலிருந்து கண்டி வீதியால் வந்து, பிள்ளையாரடி முடக்கில் வலது பக்கம் திரும்பி, அங்கே பிரிகிற ஊர் மண் ஒழுங்கைக்குள் ஒரு குலுக்கமும் இல்லாமல் இறங்க வேண்டும்.

அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கண்டி வீதி அந்த இடத்தில் நூல் பிடித்ததுபோல நேரே கிடக்கிறது. நேரான வீதியைக் கண்டால் யாழ்ப்பாணம் போகிற பஸ்காரனுக்கும் கொழும்பு போகிற லொறிக்காரனுக்கும் கால் தானாகவே கனத்துவிடும். போன வருடம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிவந்த வான் ஒன்று இந்த முடக்கில் அவசரப்பட்டுத் திரும்ப, எதிரே வந்த லொறி அதன் பின்பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டது. உயிருக்கு ஒன்றும் இல்லை. ஞானேஸ்வரியின் மகள் சாரங்காவுக்கு மட்டும் தோள் எலும்பு முறிந்தது. எலும்பு பொருந்திவிட்டது, பயம்தான் போகவில்லை. அன்றிலிருந்து அந்தப் பிள்ளை இயந்திரம் பூட்டிய எதிலும் ஏறமாட்டாள். மற்றப் பிள்ளைகளும் தாய்மாரின் சைக்கிள் கரியரில் குந்திக்கொண்டு, உரசிப் போகிற லொறிகளுக்குப் பக்கத்தால்தான் பள்ளிக்கூடம் போய் வந்தார்கள். அது மட்டும் ஆபத்தில்லையோ என்று யாரும் கேட்கவில்லை.

விபத்துக்குப் பொலிஸ் ஒரு காரணம் எழுதியது. ஊர் வேறொரு காரணம் சொன்னது. வான்காரன் வெளியூர் ஆள். முடக்கில் இருக்கிற பிள்ளையாரை ஒருநாளாவது திரும்பிப் பார்த்தவனில்லை. மலையகத் தோட்டங்களில் அடிபட்டு வந்து இந்தக் காட்டை வெட்டிய சனம், வீட்டுக்குக் கப்பு நடுவதற்கு முன்னம் வேப்பமரத்தடியில் வைத்த பிள்ளையார் அவர். சைக்கிளில் போகிறவனும் ஒரு கையை எடுத்து நெஞ்சைத் தொட்டுவிட்டுத்தான் போவான். கும்பிடாமல் திரும்பினால் வேறென்ன நடக்கும்?

தயாளினிக்குத் தன் புது ஆட்டோவில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏற்றி இறக்குகிற அந்த ஓட்டம் வேண்டும். வேண்டும் என்றால் சும்மா வேண்டுமில்லை, நெஞ்சு அடித்துக்கொள்கிற அளவுக்கு வேண்டும். விடியமுன் பஸ் ஏறி உடுப்புத் தொழிற்சாலைக்குப் போய் இருட்டின பிறகு வந்த காலம் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு, வெளியில் சொல்ல வெட்கம். அவளுக்கு ஓட்டுவதில் கொள்ளை ஆசை. ஹாண்டிலைப் பிடித்தால் முகத்தில் சிரிப்பு வந்துவிடும். கொத்து வேலைக்குப் போகிற புருசன் வினோதன், உனக்கு ஆட்டோவோ நானோ என்று ஒருநாள் பகிடியாகக் கேட்டான். அவள் யோசிக்க எடுத்த நேரத்தைப் பார்த்து, அதன் பிறகு கேட்பதை விட்டுவிட்டான்.

பிள்ளைகளின் விசயத்தில் ஊரில் கடைசிச் சொல் ஞானேஸ்வரியினுடையது. அவள் சரி என்றால் எல்லாத் தாய்மாரும் சரி. அவள் வேண்டாம் என்றால் ஆட்டோவைக் கொட்டிலில் பூட்டிவிட்டுத் திரும்பத் தொழிற்சாலைக்குப் போக வேண்டியதுதான். சனிக்கிழமை காலையில் அவள் தயாளினியின் வாசலுக்கு வந்து, நேரே ஆட்டோவின் பின் இருக்கையில் ஏறி அமர்ந்தாள். புளியங்குளம் போய்த் திரும்பி வருவோம், முடக்கில் எப்படித் திரும்புகிறாய் என்று நான் பார்க்க வேண்டும் என்றாள். மற்றத் தாய்மார் வேப்பமரத்தடியில் திருவிழாப் பார்க்கிறவர்கள்போலக் கூடி நின்றார்கள். அவர்களில் நாகேஸ்வரி வெற்றிலைப் பையையும் கொண்டுவந்திருந்தாள்.

போகும்போது ஒரு கரைச்சலும் இல்லை, ஒழுங்கையிலிருந்து இடது பக்கம் ஏறினால் சரி. புளியங்குளத்தில் ஆட்டோவைத் திருப்பியபோதுதான் தயாளினிக்குப் பயம் வந்தது. பயந்தாலும் உள்ளுக்குள் ஒரு குதூகலம். இன்றைக்குக் காட்டுகிறேன் பார் என்று மனது துள்ளியது.

முடக்குக்கு நல்ல தூரம் இருக்கும்போதே கண்ணாடியைப் பார்த்தாள். பின்னால் ஒரு லொறி. சிக்னலைப் போட்டாள். வேகத்தைச் சிறுகச் சிறுகக் குறைத்து, வீதியின் நடுக்கோட்டை ஒட்டி வந்தாள். லொறிக்காரன் விளங்கிக்கொண்டு இடப்பக்கத்தால் விலகிப் போனான். எதிரே யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து பஸ் ஒன்று லைற்றை அடித்து அடித்து வந்தது. நீ போ என்பதற்காக எங்கள் வீதிகளில் எவனும் லைற் அடிப்பதில்லை. நான் வருகிறேன், நில் என்பதற்குத்தான் அடிப்பான். தயாளினி நின்றாள். முன் சில்லை நேராகவே வைத்திருந்தாள், ஏனென்றால் சில்லைத் திருப்பி வைத்துக்கொண்டு நிற்கையில் பின்னால் எவனாவது இடித்தால் எதிரே வருகிறவனின் மடியில்தான் போய் விழ வேண்டும். பஸ் காற்றை வாரி அடித்துக்கொண்டு போனது. அதற்குப் பின்னால் தூரத்தில் ஒரு டிப்பர், சின்னப் புள்ளியாக. தாராளமாக நேரம் இருந்தது.

முதலாம் கியரைப் போட்டு, ஹாண்டிலை வலது பக்கம் ஒடித்து, கிளட்சை விட்டாள். ஆட்டோ வழுக்கிக்கொண்டு கிளம்பியது. எல்லாம் அச்சொட்டாக நடந்தது. வேப்பமரம் எதிரே வந்தது, தாய்மார் வந்தார்கள், பிள்ளையார் வந்தார். பிள்ளையாரைக் கண்டதும் பிறந்த நாளிலிருந்து பழகிய வலது கை, யாரையும் கேட்காமல் ஹாண்டிலை விட்டு எழும்பி நெஞ்சைத் தொட்டது.

ஆட்டோவில் வலது கைதான் வேகம். அந்தப் பிடியை முறுக்கிப் பிடித்தால்தான் இயந்திரம் மூச்சு விடும். கை எழும்பியதும் முறுக்கு விடுபட்டது. ஆட்டோ ஒரு தடவை இருமி, ஒரு குலுக்குக் குலுக்கி, கண்டி வீதியின் குறுக்கே அப்படியே நின்றுவிட்டது.

டிப்பர் இப்போது புள்ளியாக இல்லை. ஹோன் சத்தம் காதைப் பிளந்தது. வேப்பமரத்தடியில் நின்றவர்கள் ஒரே குரலில் கத்தினார்கள், நாகேஸ்வரியின் வெற்றிலை நாலாபக்கமும் பறந்தது. தயாளினி கிளட்சை அமத்தி ஸ்ராட் பட்டனை அழுத்தினாள். கர்ர் என்று இழுத்துவிட்டு அடங்கியது. கடவுளே, கடவுளே. திரும்ப அழுத்தினாள். பிடித்துக்கொண்டது. முறுக்கிய முறுக்கில் ஆட்டோ துள்ளிப் பாய்ந்து ஒழுங்கைப் புழுதிக்குள் போய் விழ, டிப்பர் அவர்களின் முதுகுக்குப் பின்னால் உறுமிக்கொண்டு போனது. அதன் சாரதி சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

தயாளினி மெல்லத் திரும்பிப் பார்த்தாள். ஞானேஸ்வரி இரண்டு கைகளையும் கூப்பியபடி இருந்தாள். கண்களை இப்போதுதான் திறக்கிறாள் என்று பார்த்தவுடனேயே விளங்கியது. சோதிக்க வந்தவளும் முடக்கு வந்ததும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நடந்தது எதையும் அவள் காணவில்லை. ஹோனை மட்டும் கேட்டிருக்கிறாள்.

ஏன் நின்றது என்று ஞானேஸ்வரி கேட்டாள்.

தாய்மார் ஓடிவந்து சுற்றிக்கொண்டார்கள். பெற்றோல் அடைப்பாக இருக்கும் என்றாள் ஒருத்தி. புது ஆட்டோ அப்படித்தான் சண்டித்தனம் பண்ணும் என்றாள் இன்னொருத்தி. தப்பிப் போக வழி அகலமாகத் திறந்து கிடந்தது. இயந்திரத்தின் தலையில் பழியைப் போட்டால் இயந்திரம் மறுத்துப் பேசப் போகிறதா? தயாளினிக்கு அந்த ஆசை வராமலில்லை. ஆனால் கூட்டத்தின் பின்னால், மரத்தைப் பிடித்துக்கொண்டு, சாரங்கா நின்றாள். வாயைத் திறந்தபடி ஆட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளைதான் இனி ஆட்டோவின் பின் இருக்கையில் இருக்கப் போகிறவள். பொய்யைச் சொல்லி அவளை ஏற்ற முடியாது.

"ஆட்டோவில பிழையில்லை அக்கா," என்றாள் தயாளினி. "நான் கும்பிட்டனான். கையை எடுத்ததிலதான் நிண்டது."

வான்காரன் கும்பிடாததால் அடிபட்டது என்று ஒரு வருடமாகச் சொல்லி வந்த சனம் அது. இப்போது கும்பிட்டதால் அடிபடப் பார்த்தது என்றால் அதை எந்தக் கணக்கில் வைப்பது? நாகேஸ்வரி பிள்ளையாரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவர் வழமைபோல இருந்தார். பிறகு ஒருத்தி மெல்ல, அப்படியென்றால் இனிக் கும்பிடாமல் ஓடுவாளோ, அது சரிவராதே என்றாள். ஓமோம் என்று இரண்டு மூன்று தலைகள் ஆடின. எல்லாம் முடிந்தது, திங்கட்கிழமை தொழிற்சாலை பஸ்தான் என்று தயாளினி நினைத்தாள்.

ஞானேஸ்வரி இறங்கவில்லை. இருக்கையில் நன்றாகப் பின்னால் சாய்ந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"ஆட்டோவைத் திருப்பு. இன்னொருக்காப் போவம்," என்றாள். "நீ ஓடு. கும்பிடுறதை நான் பாக்கிறன்."

தயாளினி அதை ஒருதரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு சிரிப்பு வந்தது, அடக்க முடியாத சிரிப்பு. சிரித்துக்கொண்டே புளியங்குளம் வரைக்கும் போனாள்.

இரண்டாம் தடவை திரும்பி வரும்போது வீதியில் சனிக்கிழமைக் கூட்டம் ஏறிவிட்டது. சிக்னலைப் போட்டு, கோட்டை ஒட்டி நின்றாள். எதிரே வான், பஸ், உழவு இயந்திரம், திரும்பவும் வான். பின்னால் நின்ற கார்காரன் ஹோனை அமத்திப் பிடித்தான். பிடிக்கட்டும், அவன் அவசரத்துக்கு நான் சாகேலுமோ என்று அவள் அசையவில்லை. கடைசி வானும் போய் வீதி வெளித்தது. கிளட்சை விடப் போன கணத்தில், இன்னொருமுறை கண்ணாடியைப் பார்த்தாள். பார்த்தது நல்லதாகப் போயிற்று. காரையும் தாண்டிக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஒன்று வலப்பக்கத்தால் அம்புபோல வந்தது. சிக்னல் மினுங்குவது அந்தப் பெடியனின் கண்ணில் படவேயில்லை. அவள் விரல் கிளட்சை இறுக்கிக்கொண்டது. மோட்டார் சைக்கிள் அவள் முழங்கைக்குப் பக்கத்தால் பறந்தது.

பிறகு வீதி உண்மையாகவே வெறுமையாக இருந்தது. தயாளினி திரும்பினாள். வேப்பமரம் வந்தது, பிள்ளையார் வந்தார். வலது உள்ளங்கை தினவெடுத்தது. அவரைப் பார்க்காமல் போவது தகப்பனை வீதியில் கண்டும் காணாததுபோலப் போவது மாதிரி இருந்தது. பற்களைக் கடித்துக்கொண்டு பிடியை முறுக்கினாள். பின்னால் ஞானேஸ்வரியின் குரல் கேட்டது. அவள் வாய்விட்டு, இரண்டு பேருக்குமாகச் சேர்த்துக் கும்பிட்டாள். இந்தமுறை கண் திறந்திருந்தது என்று பிறகு நாகேஸ்வரி சத்தியம் பண்ணிச் சொன்னாள். ஆட்டோ தாரிலிருந்து புழுதிக்கு, தண்ணீர் வாய்க்காலுக்குள் இறங்குவதுபோல இறங்கியது.

தயாளினிக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. அவ்வளவு சந்தோசம். கையை ஹாண்டிலில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

ஞானேஸ்வரி இறங்கினாள். தாய்மாரைத் தாண்டி மரத்தடிக்குப் போய், சாரங்காவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிள்ளை தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உதறியது, பிறகு அழுதது, பிறகு தயாளினியின் முகத்தைப் பார்த்தது. ஞானேஸ்வரி அவளைப் பின் இருக்கையில் இருத்தி, அவளது கைகளைக் குறுக்குக் கம்பியில் வைத்து இறுக்கினாள். தான் ஏறவில்லை.

"அன்ரியோட ஒருக்காப் போட்டு வா," என்றாள். "அம்மா இதிலை நிண்டு பாப்பன்."

சாரங்கா விக்கலுக்கிடையில் யோசித்தாள். "அப்ப பிள்ளையாரை ஆர் கும்பிடுறது?"

"நீதான். ஒரு கையால கும்பிடு. மற்றக் கையால இறுக்கிப் பிடி."

பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எந்தக் கையால் என்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்தது. தயாளினிக்குக் கண் கலங்கி வீதி மங்கலாகத் தெரிந்தது. கண்ணைத் துடைத்து, அது நன்றாகத் தெளிகிறவரைக்கும் காத்திருந்தாள். பிறகு ஆட்டோவைத் திருப்பி, கண்டி வீதியின் இரண்டு பக்கத்தையும் பார்த்து, புளியங்குளத்துக்கு இடது சிக்னலைப் போட்டாள்.