தீர்த்தம் குடிக்காத பிள்ளை

"டீச்சர், எடுக்காதவங்க குடிச்சாலும் வயிறு வீங்குமாங்க?"

கம்பைநல்லூர்ப் பக்கத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படித்தபோது காவியா கேட்ட கேள்வி இது. அன்றைக்கு டீச்சரின் கைக்கடிகாரம் காணாமல் போயிருந்தது. தீர்த்தமலைக் கோயிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்தத்தை ஒரு பாட்டிலில் மேசைமேல் வைத்தார் டீச்சர். எல்லாரும் ஒரு மடக்குக் குடிக்க வேண்டும், எடுத்தவர்களுக்கு வயிறு வீங்கிவிடும் என்றார். எட்டு வயதுப் பிள்ளை பயந்தாள், பயந்ததை வாய்விட்டுக் கேட்டும்விட்டாள். வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்தது.

யாருக்கும் வயிறு வீங்கவில்லை, கடிகாரமும் கிடைக்கவில்லை. ஆனால் அந்த வருஷம் முழுக்க அவள் பக்கத்தில் உட்காருகிற பிள்ளைகள் பென்சில் டப்பாவை அந்தப் பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டார்கள்.

இப்போது காவியா பி.எட். மாணவி. மாரண்டஹள்ளிக்கு அருகே ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தும் பயிற்சிக்கு வந்திருக்கிறாள். இன்றும் எந்தக் கடைக்குள் போனாலும் கைப்பையைத் திறந்து காட்டுகிற மாதிரியே பிடித்துக்கொண்டு நடப்பாள். யாரும் கேட்பதில்லை. கேட்டுவிடுவார்களோ என்று இவளாகக் காட்டுவாள்.

கல்லூரியில் ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். சிறு வயதுப் பள்ளி அனுபவம் ஒன்றை மனித வளர்ச்சிக் கோட்பாட்டோடு பொருத்தி எழுத வேண்டும். காவியா அந்தக் கேள்வியைத்தான் எழுத ஆரம்பித்தாள். சின்னப் பிள்ளைகள் தண்டிக்கிற சக்தி பொருள்களுக்குள்ளேயே இருப்பதாக நம்புகிறார்கள், தப்பு செய்தவன் காலடியில் பாலமே உடைந்துவிடும் என்று நினைக்கிறார்கள் என்று பாடத்தில் இருந்தது. வளர வளர அந்த நம்பிக்கை போய்விடுகிறதாம். போன இடத்தில் என்ன வந்து உட்காருகிறது? அந்த வரியோடு பேனா நின்றுபோயிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் காந்தம் காணாமல் போனது.

கல்லூரி ஆய்வகத்திலிருந்து கையெழுத்துப் போட்டு வாங்கி வந்த பெரிய லாடக் காந்தம் அது. மத்தியானம் சோற்று மணி அடித்தபோது மேசைமேல் இருந்தது. பிள்ளைகள் தட்டோடு ஓடினார்கள். காவியாவும் வெளியே போனாள். திரும்பி வந்தபோது மேசை வெறுமையாக இருந்தது.

"அந்நேரம் ரூம்ல யாரு இருந்தா?" என்று கேட்டார் வகுப்பாசிரியை வெண்மதி.

"அன்ஜும் மட்டும்தாங்க டீச்சர்" என்று நாலைந்து குரல்கள்.

அன்ஜும் எழுந்து நின்றாள். ரம்ஜான் மாதம், அவள் நோன்பு வைத்திருந்தாள். எல்லாரும் சாப்பிடப் போகும்போது அவள் கடைசி பெஞ்சில் தலைசாய்த்துப் படுத்திருப்பது வழக்கம்.

"நான் தூங்கிட்டேங்க டீச்சர்."

"நல்லா தூங்கினடி! காந்தம் கால் மொளச்சு நடந்து போயிருக்கும்" என்றார் வெண்மதி. வகுப்பு சிரித்தது. அன்ஜும் பையைத் தானே கவிழ்த்துக் காட்டினாள். அதைப் பார்த்ததும் காவியாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும், இத்தனை அவசரமாக ஏன் காட்டுகிறாள், வேறெங்காவது ஒளித்துவிட்டாளோ என்றும் மனம் ஓடியது. ஜன்னல் திறந்திருந்தது. கீழே முள்வேலி. மாலைவரை பாடம் நடத்திக்கொண்டே அந்தப் பிள்ளையின் கண் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பள்ளி விடும் நேரத்தில் வெண்மதி அவளைத் தனியே அழைத்தார். "கவலப்படாதம்மா. எங்க வூட்ல தீர்த்தமலத் தீர்த்தம் இருக்குது. காலைல பிரேயர்ல எல்லாத்தையும் குடிக்கச் சொல்றேன். எடுத்தது தானா முழிக்கும்."

"பயந்துக்குவாங்களேங்க டீச்சர்."

"பயப்படத்தானம்மா வெக்கிறது! உங்க காலேஜ்ல போயி காந்தத்தத் தொலச்சிட்டேன்னு நிப்பியா? மார்க்குல கைய வெச்சிருவாங்க."

காவியா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மார்க் அவளுக்கும் வேண்டியிருந்தது.

பேருந்து நிறுத்தத்தில் அன்ஜும் வந்து பக்கத்தில் நின்றாள். தீர்த்தச் செய்தி, காதில் வாங்கிய பிள்ளைகள் மூலம் அதற்குள் வகுப்பு முழுக்கப் பரவியிருந்தது.

"மிஸ், நாளைக்கு நான் அதக் குடிக்க முடியாதுங்க. நோம்பு."

காவியா அவளை உற்றுப் பார்த்தாள். வசதியான காரணம்தான் என்று ஒரு கணம் தோன்றியது.

"குடிச்சா வயிறு வீங்கும்னு பயமா?"

"அய்ய, தண்ணிக்கு எப்படிங்க மிஸ் தெரியும்? அதெல்லாம் சும்மா." பிள்ளை செருப்பு நுனியால் மண்ணைக் கீறினாள். "ஆனா குடிக்கலைன்னா நீங்கல்லாம் என்ன நெனப்பீங்க?"

பாலக்கோடு பேருந்து வந்தது. காவியா ஏறவில்லை.

எட்டு வயதில் அவள் தண்ணீருக்குப் பயந்தாள். பதினொரு வயதில் இந்தப் பிள்ளை மனிதர்களுக்குப் பயப்படுகிறாள். பேனா நின்ற இடத்துக்கான பதில் கண்முன்னே நின்றுகொண்டிருந்தது. அதோடு, இத்தனை நாள் கட்டுரையில் எழுத மறந்துபோன ஒருத்தியும் நினைவுக்கு வந்தாள். காவியா படித்த பள்ளியில் சத்துணவு சமைத்த தீர்த்தம்மாள்.

கடிகாரம் போன அடுத்த வாரம், பிள்ளைகள் ஒதுக்கிவைத்திருந்த காவியாவைக் கூப்பிட்டு முட்டையும் பருப்பும் இருக்கும் அறையின் சாவியை அவள் கையில் கொடுத்தாள் தீர்த்தம்மாள். "போயி முட்டத் தட்ட எடுத்துட்டு வா கண்ணு" என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். தட்டை வாங்கியபோது எண்ணிப் பார்க்கவில்லை. எடுத்தாயா என்றும் கேட்கவில்லை, எடுத்திருக்க மாட்டாய் என்றும் சொல்லவில்லை. அந்த ஒரு வருஷத்தைக் காவியா தாண்டி வந்தது அந்த முதுகைப் பார்த்துத்தான். நன்றி சொல்லத் தெரிந்த வயதில் தேடிப் போனபோது தீர்த்தம்மாள் இறந்துபோயிருந்தாள்.

மறுநாள் காலையில் வெண்மதி பாட்டிலோடு வந்து இறங்கும்போதே காவியா வாசலில் நின்றாள்.

"தீர்த்தம் வேண்டாங்க டீச்சர். மேசமேல அப்படியே போட்டுட்டுப் போனது நான். காலேஜுக்குப் போன் பண்ணி நான்தான் தொலச்சேன்னு சொல்லிட்டேன்."

"மார்க்கு?"

"குறையட்டுங்க."

"அப்ப அந்தப் புள்ள எடுக்கலைங்கிறியா?"

"தெரியலைங்க."

வெண்மதி அவளை விநோதமாகப் பார்த்தார். பிறகு பாட்டிலைப் பைக்குள் வைத்தார். "என்னமோ போ. பொழைக்கத் தெரியாத புள்ள."

காந்தம் கடைசிவரை கிடைக்கவில்லை. அன்று காலைப் பாடத்தில்கூட அன்ஜுமுக்குப் பக்கத்திலிருந்த பிள்ளை தன் ஜாமெட்ரி பெட்டியை நகர்த்தி வைத்ததைக் காவியா பார்த்தாள்.

மத்தியானம் மணி அடித்தது. தட்டுகளின் சத்தம் தாழ்வாரத்தில் ஓடி ஓய்ந்தது. கடைசி பெஞ்சில் அன்ஜும் மட்டும் இருந்தாள். காவியா உள்ளே வந்து அறிவியல் அறையின் சாவியை அவள் கையில் வைத்தாள். பள்ளிக்குச் சொந்தமான காந்தங்களும் லென்சுகளும் அங்கேதான் இருந்தன.

"அலமாரில லென்ஸ் பெட்டி இருக்கும். எடுத்துட்டு வாம்மா."

"நானா மிஸ்? நான் மட்டுமா?"

"ஆமாம்மா."

பிள்ளை சாவியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஓடினாள்.

அறிவியல் அறை எதிரேதான் இருந்தது. கதவு திறக்கும் ஓசை கேட்டது. காவியா கரும்பலகைப் பக்கம் திரும்பி, முதுகைக் காட்டியபடி, நேற்றைய எழுத்துகளை மெதுவாக அழிக்கத் தொடங்கினாள். பெட்டி மேசைமேல் வந்து உட்கார்ந்தது. அதன் பக்கத்தில் சாவி.

காவியா பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை.