இரண்டு நீதிபதிகள்

மாட்டுங்காவில் வக்கீல் ஷ்யாமளாவின் ஆபீசில், லேப்டாப்புக்கு முன்னால் பூமாரி உட்கார்ந்திருந்தாள். தில்லியில் உச்ச நீதிமன்றம் அவள் தம்பி இசக்கியின் அப்பீலில் தீர்ப்புச் சொல்லும் நாள்.

தாராவியில் ஒரு தெருச்சண்டையில் ஆள் செத்ததற்கு இசக்கிக்கு ஆயுள் தண்டனை. பார்த்ததாகச் சொன்னது ஒரே சாட்சி. அந்த நேரம் அவன் தாராவியிலேயே இல்லை, ஆண்டாப் ஹில்லில் அக்காவான தன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான் என்று பூமாரி கூண்டில் ஏறிச் சொன்னாள். அக்கா வேறெப்படிச் சொல்வாள் என்று கீழ்க் கோர்ட்டும் தள்ளியது, உயர் நீதிமன்றமும் தள்ளியது.

"இதுக்கு மேல கோர்ட்டு கிடையாதுல்லா மேடம்?"

"கிடையாது. இவா சொல்றதுதான் கடைசி."

திரையில் இரண்டு நீதிபதிகள். மூத்தவர் ஆங்கிலத்தில் வாசித்தார். ஷ்யாமளா சட்டென்று பூமாரியின் கையைப் பிடித்தாள்.

"சாட்சியை நம்ப முடியாதுங்கறார். விடுதலைங்கறார்!"

பூமாரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அடுத்தவர் வாசிக்க வாசிக்க ஷ்யாமளாவின் பிடி தளர்ந்தது.

"என்ன மேடம்?"

"இவர் ஒத்துக்கலை. தண்டனை சரிங்கறார்."

"அப்பம் எவரு சொல்லுதது செல்லும்?"

"ரெண்டும் செல்லாது. தலைமை நீதிபதி மூணு பேரைப் போடுவார். மறுபடியும் வாதாடணும்."

"எப்பம்?"

"தெரியாதும்மா. நடுவுல ஜாமீன் கேக்கறேன். கிடைக்கும்னு சொல்ல மாட்டேன்."

திரையில் அதற்குள் வேறொரு வழக்கு தொடங்கியிருந்தது.

அந்த வாரம் சிறையில் முலாக்காத், கைதிகளைப் பார்க்கும் நாள். கண்ணாடிக்கு அப்பால் இசக்கி சிரித்த முகத்தோடு போனை எடுத்தான்.

"ஏக்கா, எப்பம் விடுதாவ?"

"ஒருத்தரு விட்டுட்டாருடே. இன்னொருத்தரு விடலை."

விளையாடுகிறாள் என்று நினைத்து அவன் மேலும் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

"ரெண்டு பேரும் ஒரே காயிதத்தைத்தான படிச்சாவ?"

"ஒரே காயிதந்தான்."

"பெறவு?"

பூமாரி, ஷ்யாமளா சொன்னதை அப்படியே சொல்ல முயன்றாள். பாதியில் அவளுக்கே குழம்பிப்போயிற்று. அவன் கண்ணாடியில் நகத்தால் கீறிக்கொண்டிருந்தான்.

"ஒரு கம்பளி வாங்கிட்டு வாக்கா."

"உனக்குத்தான் இருக்கே?"

"வெளிய போயிருவோம்னு பக்கத்துல படுக்குத சாய்நாத்துக்குக் குடுத்துட்டேன். திருப்பிக் கேக்கக் கூச்சமா இருக்கு."